மெய் கண்ணாகணும்

களரிக்குள் இறங்கியதும் முதலில் காலுக்குத்தான் குளிர்ச்சி தெரியும். களரிப்பயிற்று என்னும் சண்டைக்கலை பழகும் வடகேரளத்துக் குழிக்களரி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டியது. நீளம் 42 அடி, அகலம் 21 அடி. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு பூத்தறை என்னும் பூசைமேடை. செருப்புக்கு அனுமதியில்லை. போன வருடம் அப்படியொரு களரியில் ஆசானான குருக்கள் என்னை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். நின்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "இனி கண்ணை மூடுங்க" என்றார். ஐந்து எண்ணுவதற்குள் மண்ணில் கிடந்தேன். பக்கத்தில் நின்ற எட்டு வயதுச் சிறுமி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

நம்மை நிமிர்த்தி வைக்கும் மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து சேதி போகிறது. கண் ஒன்று. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று சொல்லும் உள்காது இன்னொன்று. பாதத்திலும் கணுக்காலிலும் முட்டியிலும் உள்ள நரம்புகள் மூன்றாவது. நாற்காலியிலும் ஷூவிலும் காலம் தள்ளுகிற நாம் மூன்றாவதைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டு, கண்ணை நம்பியே நிற்கிறோம். சண்டையிலோ கண்ணுக்கு வேறு வேலை: எதிராளியைப் பார்க்க வேண்டும். கீழே என்ன நடக்கிறது என்பதைப் பாதமே பார்த்துக்கொள்ள வேண்டும். 'மெய் கண்ணாகணும்' என்று களரிக்காரர்கள் சொல்வதை ஏதோ ஞானமொழி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். விழுந்து எழுந்தபிறகு, அது அச்சு அசலான பயிற்சிக் குறிப்பு என்று தோன்றியது.

அந்தக் கண் திறப்பது காலெடுப்பு என்னும் உதைப் பயிற்சியில். நேர்க்கால், வீத்துக்கால், கோண்கால் என்று பல வகை. நேர்க்காலில் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, முட்டி மடங்காமல் காலை உள்ளங்கை வரை வீச வேண்டும். பார்க்கிறவர்கள் வீசும் காலைப் பார்த்துக் கைதட்டுவார்கள். குருக்களின் கண் நிற்கும் காலில்தான். குதிகால் எழும்புகிறதா, முட்டி உள்ளே மடிகிறதா, இறங்கும் கால் தொப்பென்று விழுகிறதா என்று கவனிப்பார். இருத்திக்கால் இன்னும் பொல்லாதது: உதைத்த வேகத்திலேயே உட்கார்ந்து எழ வேண்டும். தொடை மறுநாள் படியேற விடாது.

யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எட்டு வடிவுகளில் என்னை அதிகம் படுத்தியது சேவல். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, பாயவும் தயாராக நிற்க வேண்டும். விறைத்து நின்றால் சாய்ந்துவிடுவோம். முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, கணுக்கால் சின்னச் சின்னதாக ஆடுவதை அனுமதித்தால் நிற்க முடிகிறது. ஆடாமல் நிற்பவர் யாருமில்லை; தேர்ந்தவர்களின் ஆட்டம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். (சவிட்டி உழிச்சில் என்னும் கால் மசாஜின்போது மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாணவனின் முதுகில் ஒற்றைக்காலால் அழுத்தித் தேய்க்கிறாரே குருக்கள், நிதானத்துக்கு அதைவிட என்ன தேர்வு வேண்டும்?)

ஜப்பானில் 1882-இல் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தார். ஒருவரைத் தூக்கிப்போடும் முன் அவருடைய நிலையைக் குலைக்க வேண்டும். அதற்குக் குசுஷி என்று பெயர். ஜூடோவில் புதிதாகச் சேருகிறவர் அடிபடாமல் விழத்தான் முதலில் கற்கிறார். விழப் பயப்படுகிற உடம்பு இறுகிப்போகும், இறுகிய உடம்பைச் சாய்ப்பது சுலபம்.

வீட்டில் செய்ய விலையுயர்ந்த ஆட்டப் பலகையெல்லாம் தேவையில்லை. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். அரை நிமிடம் தாங்கினால் தலையை மெல்ல இடம் வலமாகத் திருப்புங்கள். உள்காதுக்கு வேலை வரும். அப்புறம் கண்ணை மூடுங்கள். அதுவும் பழகினால் தலையணை மேல் ஏறி நில்லுங்கள். உதை பழகுகிறவர்கள் அதே உதையைப் பத்து எண்ணி ஏற்றி, பத்து எண்ணி இறக்கிப் பாருங்கள். வேகம் மறைத்த குறையெல்லாம் வெளியே வரும். வெறுங்காலில் செய்வது முக்கியம். அடிக்கடி தலை சுற்றுகிறவர்களும் முட்டியில் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கண்ணை மூட வேண்டாம்.

மற்றவர்களும் முதல் வாரம் சுவர் ஓரமாகவே நில்லுங்கள். நான் விழுந்தது மண்ணில். உங்கள் வீட்டில் இருப்பது டைல்ஸ்.