கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒலிக்கும் தமிழ்

அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலியைத் தெளிவாகக் கொண்டுசேர்க்கும் முறையான பண்பலை, மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இளைஞர்களிடம் செல்வாக்கை இழந்துவிடவில்லை என்றாலும், அவர்கள் அதைக் கேட்கும் இடம் பெரிதும் காராகச் சுருங்கிவிட்டது. கோலாலம்பூரில் தமிழ் வானொலி நிலையங்களுள் ஆஸ்ட்ரோ குழுமத்தின் ராகா 99.3 மெகாஹெர்ட்சிலும், அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம்மின் மின்னல் 96.3இலும் ஒலிக்கின்றன. அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக் கடைகளில் ஒலிநாடாவும் குறுந்தட்டும் வாங்கிய தலைமுறைக்குப் புதுப்பாட்டை வானொலி அறிமுகம் செய்தது. 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பால் பரவிய சொல்லிசையை, அதாவது தாளத்துக்கேற்பப் பேச்சாக ஓடும் பாட்டை, இன்றைய இளையோர் யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் தாமே தேடிக்கொள்கின்றனர். ஆயினும் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே வேலைக்குச் செல்வோர், நெரிசலில் நிற்கும்போது நாடுவது பாட்டை மட்டுமன்று. அறிவிப்பாளரின் மலேசியத் தமிழையும் கேலியையும் சாலை நிலவரத்தையும் பாட்டுச் செயலி எதுவும் அவ்வாறு தருவதில்லை. ராகாவும் அலைவரிசையை மட்டுமே நம்பியிராமல் ‘சியோக்’ செயலியின் வழியே கைப்பேசிக்குள் புகுந்துள்ளது. கார் ஓட்டும் வயதை எட்டாத பள்ளி மாணவரே உண்மையில் ஈர்க்கக் கடினமான நேயர். அவர்களுள் பலர் கேட்பது பெற்றோர் திருப்பிய நிலையத்தைத்தான்.