கடகமும் கட்டணமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பஸ் வண்டிக்குக் கூட்டஞ் சேர்த்தவற்றுள் முதன்மையானது சந்தை. நீர்வேலி வாழைக்குலையும் கரையோரத்து மீன் கடகமும் உரிய பொழுதிற் போய்ச் சேராவிடின் விலை விழுந்துவிடும். ஆளையும் சுமையையும் ஒருங்கே ஏற்றிய தட்டி வான், பின்புறத் தட்டியைத் தாழ்த்தி வியாபாரிகளை வரவேற்றது. 1958 ஜனவரி 1ஆந் திகதி பஸ் சேவை தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு வண்டிகள் ஓடத் தொடங்கின. மாணவரும் உத்தியோகத்தரும் பருவகாலச் சீட்டுடன் அவற்றில் ஏறினர்; கடகக்காரி அப்பொழுதும் தட்டி வானையே நம்பியிருந்தாள். அவளுக்கு ஆசனத்தினும் சுமைக்கு இடமே பெரிது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருளுக்குத் தடை வந்தது. சொட்டுப் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்கள் சில. ஏனையோருக்குச் சைக்கிளே கதி. நெல்மூட்டையும் நோயாளியும் சுமந்த அச் சைக்கிளுக்கு ஒரு புராணமே பாடலாம்!

2022இல் வேறொரு பஞ்சம். ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகவே, மோட்டார்ச் சைக்கிளை முற்றத்தில் விட்டுப் பலர் பஸ்ஸை நாடினர். பஸ்ஸுக்கோ டீசல் இல்லை. வண்டிகள் அருகின, நெரிசல் பெருகிற்று. ஜூலையிற் குறைந்த கட்டணம் 32 ரூபாவிலிருந்து 40 ரூபாவாயிற்று. மாதச் சம்பளக்காரர் முணுமுணுத்தபடி கொடுத்தனர். இரண்டு பஸ் மாறிச் சந்தைக்குச் சென்ற கீரைக்காரிக்குப் போய்வரக் குறைந்தது 160 ரூபா. அத்தொகையை அவள் எந்தக் கீரைப்பிடியின் விலையில் ஏற்றுவாள்?