மாவில் சேர்த்த சத்து பானையில் எங்கே போகிறது?

அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். வன்னியில் இடம்பெயர்ந்து வாழ்ந்த எந்தத் தாய்க்கும் இந்த ஐந்து சாமானையும் நித்திரையிலும் சொல்லத் தெரியும். சங்கக்கடை வாசலிலும், 2009இல் செட்டிகுளம் முகாம்களிலும் பையோடு வரிசையில் நின்று வாங்கிய உலர் உணவு நிவாரணம் இவைதான். வயிறு காயாமல் காத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்த ஐந்தையும் ஒன்றாகக் கொட்டித் தேடினாலும் அகப்படாத சத்து ஒன்று உண்டு. அது விற்றமின் சி.

ஆடும் நாயும் தமக்கு வேண்டிய விற்றமின் சியைத் தம் உடலிலேயே உண்டாக்கிக் கொள்கின்றன. மனிதருக்கு அந்த வசதி இல்லை. சேமித்து வைக்கும் அளவும் குறைவு. சில மாதங்கள் அறவே கிடைக்காவிட்டால் பல்முரசு வீங்கி இரத்தம் கசியும், மூட்டுகள் நோகும், ஆறிவரும் புண் ஆறாமல் நிற்கும். ஸ்கேவி என்பது இந்த நோயின் பெயர்.

கப்பலோட்டிகளின் பழைய நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1980களில் சோமாலியாவிலும் சூடானிலும் இருந்த எத்தியோப்பிய அகதி முகாம்களில் இது பெருமளவில் பரவியது. அங்கும் தானியம், பருப்பு, எண்ணெய் என்று எங்களுடைய நிவாரணத்தைப் போன்ற பங்கீடுதான். முகாமில் இருந்த காலம் கூடக்கூட நோயும் கூடியது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்கியது, அவர்களிலும் கர்ப்பிணிகளை. இருப்பதைப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தில் வாழும் பெண்ணின் கதை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

இதற்கு என்ன வழி? உணவிலேயே சத்தைச் சேர்த்துவிடலாமே என்று நிபுணர்கள் யோசித்தார்கள். உப்பில் அயடீன் சேர்ப்பது எங்களுக்குப் பழக்கமானது. இலங்கையில் 1995 முதல் அது சட்டமாகவே இருக்கிறது. அதுபோல, அமெரிக்கா உணவு உதவியாக அனுப்பிய சோளமும் சோயாவும் கலந்த சத்துமாவில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் விற்றமின் சி சேர்க்கப்பட்டது. பிறகு அதை 90 ஆகக் கூட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. கூட்டிய மாவை ஹெய்ட்டிக்கும் தன்சானியாவுக்கும் அனுப்பிச் சோதித்தார்கள்.

சோதனை காட்டியது எங்கள் அடுப்படிக்கு நேரடியாகப் பொருந்தும். கப்பலிலும் களஞ்சியத்திலும் மாவிலிருந்த விற்றமின் சி பெரும்பாலும் தப்பியிருந்தது. வீட்டில் தண்ணீர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சியபோதுதான் அதில் பெரும்பகுதி அழிந்துபோனது. எனவே அளவைக் கூட்டுவதில் பயனில்லை என்று அமெரிக்க மருத்துவ நிறுவகத்தின் குழு 1997இல் கருத்துச் சொன்னது. உப்பிலுள்ள அயடீனை நம்பி இருப்பதுபோல மாவிலுள்ள விற்றமின் சியை நம்பி இருக்க முடியாது. வெப்பம், காற்று, வெளிச்சம், தண்ணீர் நான்கும் அதற்கு எதிரி. தொழிற்சாலை எவ்வளவு சேர்த்தாலும், பிள்ளையின் வாய்க்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதை அகப்பை பிடிக்கும் கையே முடிவு செய்கிறது.

எங்கள் நாட்டுத் திரிபோஷாவை எடுத்துக்கொள்வோம். 1973இல் தொடங்கிய திட்டம் இது. சோளம், சோயா, பால்மாவுடன் விற்றமின்களும் கனிமங்களும் கலந்து 750 கிராம் பைக்கற்றாக கிளினிக்குகளில் தருகிறார்கள். இது தொழிற்சாலையிலேயே வெந்து வரும் மா. ஆகவே மறுபடியும் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டிய தேவையில்லை. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து, கொதித்தாறிய நீர் தெளித்து உருண்டை பிடித்தால் போதும். கூழாகக் காய்ச்சுவதைவிட அப்படிக் கொடுப்பதே நல்லது. வீட்டில் ஒரு பிள்ளைக்கென்று தந்த பைக்கற்றை எல்லோருக்கும் பங்கிடுவது வேறு பிரச்சினை. பசி இருக்கும் வீட்டில் அதைக் குற்றம் சொல்லும் துணிவு எனக்கில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா உற்பத்தியே தடைப்பட்டதையும் பார்த்தோம். பைக்கற் வராத மாதத்துக்கும் ஒரு வழி வீட்டில் இருக்க வேண்டும்.

ஸ்கேவி வராமல் தடுக்க நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் போதும். ஆனால் வளர்ந்தவருக்கு 45, கர்ப்பிணிக்கு 55, பாலூட்டும் தாய்க்கு 70 என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சொல்கின்றன. ஸ்கேவி எங்களிடையே அரிது. எங்கள் பெண்களை வாட்டுவது இரத்தச்சோகை. களைப்பு, தலைச்சுற்று, படியேறினால் மூச்சிரைப்பு என்று அது வரும். கீரையிலும் பயறு பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் இலேசில் எடுத்துக்கொள்ளாது. அதே வேளைச் சாப்பாட்டில் விற்றமின் சி சேர்ந்தால் உறிஞ்சும் அளவு இரண்டு மூன்று மடங்காகக் கூடலாம். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு இரும்புக் குளிசையோடு விற்றமின் சி குளிசையும் தருவது இதனால்தான். சோறு உண்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீ இதற்கு நேர் எதிர் வேலை செய்யும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். கல்சியக் குளிசையையும் இரும்போடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளைக்கு ஒதுக்குங்கள்.

புளிப்பாக இருப்பதெல்லாம் விற்றமின் சி என்ற எண்ணம் பலரிடம் உண்டு. பழப்புளியில் அது இல்லையென்றே சொல்லலாம். நெல்லியிலும் பெருநெல்லியில்தான் நிறைய உண்டு, முற்றத்து அரைநெல்லியில் மிகக் குறைவு. தேசிக்காய்ச் சாறு 100 மில்லிலீற்றரில் 30 மில்லிகிராம் அளவே இருக்கிறது. ஒரு காயைப் பிழிந்தால் பத்து மில்லிகிராம்கூடத் தேறாது. வேலியோரத்துக் கொய்யாவோ 100 கிராமில் 200 மில்லிகிராம் அளவு தருகிறது, பப்பாசி 60 அளவு. கடையில் தோடம்பழத்தின் விலை கேட்டுத் திரும்பி வரும் தாய்மார், அதைவிடச் சத்துள்ள கொய்யா அணில் கொந்தி நிலத்தில் கிடப்பதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறார்கள்.

அதற்காகத் தேசிக்காயைத் தள்ளிவிட வேண்டாம். சொதியை இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்தபின் தேசிப்புளி விடுவது எங்கள் பாட்டிமார் காட்டிய முறை. திரையாமல் இருக்கச் செய்தார்கள், சத்தும் தப்பியது. முருங்கை இலை, அகத்தி இலை வறைக்கும் அப்படியே செய்யலாம். இலையைக் கழுவியபின் அரியுங்கள். அரிந்ததைத் தண்ணீரில் ஊறவிட வேண்டாம். மூடி போட்டுச் சில நிமிடம் வேகவைத்து, இறக்கிய பின் புளி விடுங்கள். வல்லாரைச் சம்பலும் பச்சை மிளகாயும் அடுப்பையே காணாதவை என்பதால் இன்னும் மேல்.

பச்சையாக எதுவுமே கிடைக்காத நாளுக்குப் பயறு இருக்கிறது. காய்ந்த பயற்றில் விற்றமின் சி மிகக் குறைவு. முளைத்தால் கூடிவிடும். இதைச் சோதித்து நிறுவியவர்களும் பெண்களே. முதலாம் உலகப் போரில், இன்றைய ஈராக்கிலுள்ள குட் நகரம் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை முற்றுகையில் இருந்தது. உள்ளே அகப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் ஸ்கேவியால் வாடினர். அந்தப் போர்க்காலத்தில் இலண்டன் லிஸ்ரர் நிறுவகத்தில் ஹரியற் சிக், மாக்கிரற் ஹியூம், எலன் டெல்ஃப் என்ற மூன்று பெண் விஞ்ஞானிகள் எந்த உணவு இந்நோயைத் தடுக்கும் என்று ஆராய்ந்தார்கள். முளைகட்டிய பயறு வகைகள் தடுக்கும் என்று கண்டார்கள். விற்றமின் சி என்ற பொருளை யாரும் பிரித்தெடுக்காத காலம் அது.

பயற்றை இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காயாமல் கொதித்தாறிய நீர் தெளித்தால் இரண்டாம் மூன்றாம் நாள் முளை நன்றாக வந்திருக்கும். கர்ப்பிணிகளும் சிறுவரும் பச்சையாக உண்ண வேண்டாம். அழுக்கு நீர்பட்ட முளையால் வயிற்றோட்டம் வரும். இலேசாக அவித்துத் தேங்காய்ப்பூ சேர்த்துக் கொடுங்கள். கொஞ்சம் சத்துப் போனாலும் மிச்சம் பயன்படும்.

குளிசையை அளவுக்கு மேல் வாங்கி விழுங்கினால் கூடுதல் நன்மை வராது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயோடு இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் விற்றமின் சி குளிசையைத் தொடவே கூடாது.

மீள்குடியேறிய வளவுகளில் பலருக்குப் பழைய தேசியும் கொய்யாவும் மிஞ்சவில்லை. தேசி காய்க்கச் சில வருடம் எடுக்கும். முருங்கைத் தடி மாரி தொடங்க நட்டால் சில மாதத்தில் இலை ஒடிக்கலாம். பப்பாசி ஒரு வருடத்துக்குள் பழம் தரும், ஆனால் அடியில் வெள்ளம் நின்றால் அழுகிவிடும். மண்ணை மேடாக்கி, குழிக்கு மூன்று கன்று வையுங்கள். பூத்தபின் ஆண்மரம் எதுவென்று தெரியும். வளவுக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்ற ஆண்மரங்களை வெட்டிவிடலாம்.