புரவலரும் கலைஞரும் – 9: சிநேகமே மூலதனம்

சென்ற இதழில், மோஸார்ட் என்னும் சங்கீத மேதை 1781-ஆம் ஆண்டில் ஸால்ஸ்பர்க் பேராயரின் ஊழியத்தை உதறி வெளியேறிய விருத்தாந்தத்தையும், கடைசி நாளன்று பேராயரின் உத்தியோகஸ்தரான ஆர்க்கோ பிரபுவின் காலால் அவர் பெற்ற உதையையும் பார்த்தோம். கலைஞனுக்கும் அவனைப் போஷித்த தனவந்தனுக்கும் இருந்த உறவு எஜமான், சேவகன் என்ற பழைய ஏற்பாட்டில் அடங்கியிருந்த வரையில், உதை விழுந்தால் வெளியேறிவிடுவதே மானமுள்ளவன் செய்யத்தக்க காரியம் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், ஆதரவு முழுவதும் சிநேகம் என்ற பெயரிலே நடைபெறத் தொடங்கிய இருபதாம் நூற்றாண்டிலோ விவகாரம் அவ்வளவு தெளிவாக இல்லை. நண்பர்களின் வீட்டில் அவமானப்பட்ட கலைஞன் யாரிடம் ராஜினாமாக் கொடுப்பது?

இங்கிலாந்தில் வில்ட்ஷையர் ஜில்லாவில், பெம்புரோக் பிரபு வம்சத்தாருக்குச் சொந்தமான வில்ட்டன் ஹவுஸ் என்ற புராதன மாளிகை இருக்கிறது. நாடர் என்ற சிற்றாறு அதன் தோட்டத்தினூடே ஓடுகிறது. 1920-களின் பிற்பகுதியில் அங்கே நடந்த ஒரு நடன விருந்தின்போது, மிடுக்கான வாலிபர்கள் சிலர், தங்களுக்குச் சற்றும் பிடிக்காத அலங்காரமும் பெண்மை கலந்த பாவனைகளும் கொண்ட ஓர் இளைஞனை இருட்டில் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஆற்றிலே எறிந்தார்கள். நனைந்து கரையேறிய அந்த இளைஞன்தான் பிற்காலத்தில் புகைப்படக் கலைஞராகப் பேர் பெற்ற ஸெஸில் பீட்டன். அந்தச் சமூகத்தை அவன் வெறுத்து ஒதுங்கவில்லை. பழி வாங்கவும் புறப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்குப்பின் அதே ஜில்லாவில், வில்ட்டனுக்குச் சில மைல் தொலைவிலேயே ஒரு வீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிரபுக்களின் விருந்து மேஜைகளில் தவறாமல் இடம் பெறும் மனிதனாக அங்கே வாழ்ந்தான்.

பீட்டன் 1904-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி லண்டனில் ஹாம்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தகப்பனார் மர வியாபாரி. வசதிக்குக் குறைவில்லாத குடும்பம்தான். ஆனால் அக்காலத்து ஆங்கிலேய சமூகத்தில், மரம் விற்றுப் பிழைப்பவரின் மகனுக்கும் நிலக் குத்தகையில் பிழைப்பவரின் மகனுக்கும் நடுவே இருந்த மதில், பணத்தினால் மட்டும் தாண்டக்கூடியதாக இல்லை. வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தாதியிடம் ஒரு கோடக் காமிரா இருந்தது. அதைக் கொண்டே பையன் படமெடுக்கப் பழகினான். தாயும் நான்ஸி, பாபா என்ற இரு தங்கைகளும்தான் முதல் மாடல்கள். பின்னணிக்குப் பிரம்மாண்டமான திரைகள் ஏது? பளபளக்கும் ஸெல்லோஃபேன் தாளும் வெள்ளிக் காகிதமும் பலூன்களும் போதுமானவையாக இருந்தன. எடுத்த படங்களை லண்டன் பத்திரிகைகளுக்கு அனுப்பும்போது, வேறொரு புனைபெயரில், பீட்டன் என்ற இளைஞரின் திறமையைச் சிபாரிசு செய்து தானே எழுதிவிடுவதும் வழக்கம். தனக்குத் தானே புரவலனாக இருந்து தொடங்கிய ஜீவிதம் என்று அதைச் சொல்லலாம்.

கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தவர் பட்டம் பெறாமலே 1925-இல் வெளியே வந்தார். ஆயினும், ஒரு நாடகத்தில் சீமாட்டி வேஷம் போட்ட ஜார்ஜ் ரைலண்ட்ஸ் என்பவரை அவர் அங்கே எடுத்த, சற்றே மங்கலான ஒரு படம் 1924-லேயே 'வோக்' பத்திரிகையில் பிரசுரமாகியிருந்தது. மகனை உருப்படியாக்க எண்ணிய தகப்பனார், சிமெண்டு வியாபாரியான தம் சிநேகிதர் ஒருவரின் ஆபீஸில் அவரை உட்கார வைத்தார். அந்தப் பேரேடுகளிலிருந்து அவரை மீட்ட பெருமை, 1926-ஆம் ஆண்டின் கடைசியில் அறிமுகமான ஸ்டீஃபன் டெனன்ட் என்ற இளைஞரைச் சேரும்.

டெனன்ட், கிளென்கானர் பிரபுவின் புதல்வர். வில்ட்ஷையரில் வில்ஸ்ஃபோர்டு மாளிகையில் வளர்ந்தவர். கற்பனையும் சௌந்தரிய உபாசனையும் அன்றி வேறு தொழில் எதுவும் தேவைப்படாத அளவுக்குச் செல்வம் படைத்தவர். அவர் மூலமாகவும், இலக்கிய உலகில் பிரக்யாதி பெற்றிருந்த சிட்வெல் குடும்பத்தார் மூலமாகவும், பீட்டனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் திறந்தன. வாரக் கடைசியில் விருந்தாளியாக வரும் பையன், ஞாயிற்றுக்கிழமை மத்தியான்னம் காமிராவைத் திறப்பான்; அதுவரையில் சோம்பலாகச் சாய்ந்திருந்த சீமான்களும் சீமாட்டிகளும் உடனே எழுந்து, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியத்தின் இடையர்களாகவும் இடைச்சிகளாகவும் வேஷம் தரித்துக்கொள்வார்கள். 1927-இல் கவிஞர் ஈடித் சிட்வெல்லை, மாதாகோயில் கல்லறைமீது கைகூப்பிப் படுத்திருக்கும் சிலையைப்போலத் தரையில் கிடத்தி அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது.

இந்தச் சிநேகத்தில் யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தால், புரவலர்கள் கொடுத்தவை எளிதில் புலப்படும்: தங்க இடம், விருந்து, பிற செல்வர்களின் அறிமுகம். பீட்டன் கொடுத்ததோ அதைவிட அரிய வஸ்து. பரம்பரைச் செல்வம் அனுபவிப்பவனை உள்ளூர அரிக்கின்ற கவலை ஒன்று உண்டு. தன் தாத்தாவுக்குத் தகுதி இருந்தது, தனக்கு என்ன இருக்கிறது என்பதே அது. பீட்டனின் படம் அந்தக் கவலையைத் தற்காலிகமாகத் தீர்த்தது. பெருத்த இடுப்பு எந்த அளவுக்குச் சிறுக்க வேண்டும், தாடைக்குக் கீழே எந்தச் சதை மறைய வேண்டும் என்று அவர் அச்சுப் பிரதியிலே கோடு போட்டுக் காட்ட, டச்சிங் செய்பவர் நெகட்டிவை அதன்படியே திருத்திக் கொடுப்பார். அந்தப் படத்தைப் பார்க்கும் சீமாட்டிக்கு, தான் இருப்பது ஒருபுறமிருக்க, தான் இருக்க விரும்பியது கண்ணெதிரே தெரியும். அதற்கு ஈடாக ஒரு வாரச் சாப்பாடு போடுவது அப்படியொன்றும் பெரிய உபகாரமன்று.

1928-இன் கடைசியில் அவர் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். அங்கே, வீட்டு அலங்காரக் கலையை ஒரு தொழிலாகவே ஆக்கிக்காட்டிய எல்ஸி டி வுல்ஃப் தம் காட்சிச் சாலையில் அவருடைய படங்களுக்கு இடம் கொடுத்தார். 'வோக்' பத்திரிகையின் அதிபர் கான்டே நாஸ்ட் ஒப்பந்தம் கொடுத்தார். விளையாட்டுச் சாமான் போன்ற பழைய கோடக்கை ஒதுக்கிவிட்டுப் பெரிய பிளேட் காமிராவில் எடுக்க வேண்டும் என்று நாஸ்ட் வற்புறுத்தியது, பீட்டனின் தொழிலுக்குக் கிடைத்த உண்மையான உபகாரங்களில் ஒன்று. மின்சாரக் கம்பெனிகளால் கோடீசுவரரான ஹாரிசன் வில்லியம்ஸின் மனைவி மோனா, அவருடைய நெடுநாளைய தோழியும் மாடலும் ஆனார்.

இப்படிப் பிறர் வீட்டு விருந்தாளியாகவே காலம் கழித்தவருக்கு, தாமும் விருந்தளிக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது இயல்பே. 1930-இல், வில்ட்ஷையர் மலைச்சரிவில் பாழடைந்து கிடந்த ஆஷ்கம் என்ற வீட்டை, தம் செலவிலேயே பழுது பார்ப்பதாக ஒப்புக்கொண்டு, வருஷத்துக்கு 50 பவுன் வாடகைக்கு எடுத்தார். ஒரு படுக்கையறையைச் சர்க்கஸ் கூடாரமாக்க, ரெக்ஸ் விஸ்லர் என்ற ஓவியர் ராட்டினத்தைப் போன்ற ஒரு கட்டிலை வடிவமைத்தார். சுவர்களில் கோமாளிகளையும் விலங்குகளையும் விருந்தாளிகளே வரைந்தார்கள். குளியலறைச் சுவரிலோ, வந்தவர் ஒவ்வொருவரும் தம் உள்ளங்கையை விரித்துப் பதித்து அதைச் சுற்றிக் கோடிழுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வீட்டு விதி. அரண்மனைகளில் வருகைப் புத்தகத்தில் கையெழுத்திட்டுப் பழகிய கைகள், மர வியாபாரியின் மகன் குளிக்கும் அறையின் சுவரில் வரிசையாக நின்றன. ஆயினும் அந்த வீடு குத்தகை வீடுதான். 1945-இல் சொந்தக்காரர் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்ததும், பதினைந்து வருஷ ராஜ்யபாரம் முடிந்துபோயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். கைகள் பதிந்த சுவரை எடுத்துப்போக முடியவில்லை.

சிநேகத்தை முதலாகப் போட்டு நடத்தும் வியாபாரத்தில் நஷ்டம் எவ்வளவு சடுதியில் வரும் என்பதை 1938-ஆம் ஆண்டின் தொடக்கம் காட்டியது. நியூயார்க் சமூகத்தைப் பற்றி 'வோக்' வெளியிட்ட ஒரு கட்டுரைக்கு அவர் வரைந்த சித்திரத்தின் ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கத்தக்க நுண்ணிய எழுத்தில், யூதர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லை அவர் எழுதியிருந்தார். பத்திரிகையாளர் வால்டர் வின்ச்செல் அதை அம்பலப்படுத்தினார். ஜெர்மனியில் யூதர்கள் வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அச்சிட்டுக் கிடந்த ஒரு லட்சத்து முப்பதினாயிரம் பிரதிகளை நாஸ்ட் திரும்பப் பெற்றார். பீட்டனை வேலையிலிருந்து நீக்கினார். விளையாட்டாக எழுதியது என்ற சமாதானம் எடுபடவில்லை, எடுபட்டிருக்கவும் கூடாது. மேல்தட்டு விருந்துகளில் சாப்பாட்டோடு சாப்பாடாகப் பரிமாறப்பட்ட துவேஷத்தை, விருந்தாளி தம்மை அறியாமலே தம் சொந்தச் சரக்காக்கிக்கொண்டிருந்தார் என்றே தோன்றுகிறது. அது அவருடைய குற்றத்தைக் குறைப்பதாகாது. அந்தச் சகவாசத்தின் விலை இன்னதென்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

அவரைக் கை தூக்கிவிட்டது அரண்மனை. 1937-இல், முடி துறந்த எட்டாம் எட்வர்டு, வாலிஸ் சிம்ப்ஸனைப் பிரான்ஸில் காண்டே கோட்டையில் மணந்துகொண்டபோது படமெடுத்தவர் பீட்டனே. ராஜ குடும்பம் அந்தக் கல்யாணத்தைப் புறக்கணித்தது ஊரறிந்த விஷயம். ஆகையால், 1939 ஜூலையில் ஒருநாள், அப்போதைய அரசரின் மனைவியான மகாராணி எலிஸபெத் மறுநாள் படமெடுத்துக்கொள்ள விரும்புகிறார் என்று தொலைபேசியில் தகவல் வந்தபோது, யாரோ நண்பர் வேடிக்கை செய்கிறார் என்றே அவர் நினைத்தார். பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் வெண்ணிற உடையும் குடையுமாக அவர் எடுத்த படங்கள், ராணியைப் பற்றிய உலகத்தாரின் எண்ணத்தையே மாற்றின. அன்று விடைபெற்றுப் புறப்படுமுன், ராணி நாற்காலியில் மறந்துவிட்டுப் போன வாசனைக் கைக்குட்டையைத் தம் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டதைப் பிற்பாடு அவரே நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார். அதே 1939-இல்தான், கற்பனையான ஒரு சீமாட்டியின் ராஜ வம்ச நினைவுகள் என்ற பாவனையில் ஒரு பரிகாசப் புத்தகத்தையும் அவர் வெளியிட்டார். பிரபு வீட்டு நண்பர்கள் அதில் அவருக்காகவே வேஷம் போட்டுப் படத்துக்கு நின்றிருந்தார்கள். கைக்குட்டையைப் பக்தியோடு பத்திரப்படுத்திய கையும், அரச வம்சங்களைக் கேலி செய்த கையும் ஒரே கைதான்.

யுத்தம் வந்தது. தகவல் இலாகாவுக்காகப் படமெடுக்கப் புறப்பட்டவர், லண்டன் குண்டுவீச்சில் காயமுற்று, தலையில் கட்டுடன், பொம்மையை அணைத்தபடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஐலீன் டன் என்ற மூன்று வயதுச் சிறுமியைக் கண்டார். அந்தப் படம் 1940 செப்டம்பர் 23-ஆம் தேதி 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில் வெளிவந்து, யுத்தத்தில் சேராமலிருந்த அமெரிக்கர்களின் மனத்தைக் கலக்கியது. ஸெல்லோஃபேன் இல்லை, டச்சிங் இல்லை, படத்திலிருப்பவருக்கு நன்றி சொல்லவோ விருந்து வைக்கவோ தெரியாது. பீட்டன் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களுள் மிகப் பெரிய காரியம் செய்த படம், புரவலர் எவருடைய தயவுமின்றி எடுக்கப்பட்டது. இதே யுத்தப் பணியின் நிமித்தம் 1943–44-இல் அவர் இந்தியாவுக்கும் வந்தார். டில்லியில் வைஸ்ராய் மாளிகையில் தங்கினார். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியைப் படமெடுத்தார். நெருக்கடிக் காலத்திலும் அவருக்கு வழி காட்டியது பழைய வாசனைதான்.

இதுவரை சொன்னது பகலில் நடந்த வியாபாரம். இரவில் வேறொரு வியாபாரம் நடந்தது. விருந்து முடிந்து அறைக்குத் திரும்பியதும் அவர் நாட்குறிப்பு எழுதினார். கையெழுத்துப் பிரதிகளாக 145 புத்தகங்கள் கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரியிலேயே இருக்கின்றன. பகலில் சிறுக்க வைத்த இடுப்பு இரவில் பழைய அளவுக்குத் திரும்பியது. மறைத்த தாடைச் சதையும், கஞ்சத்தனமும், சலிப்பூட்டும் சம்பாஷணையும் அங்கே இடம் பெற்றன. 1961-இலிருந்து அவரே வெளியிட்ட ஆறு தொகுதிகள் பெரிதும் செப்பனிடப்பட்டவை. அவை கூட நண்பர்கள் பலரை நோக வைத்தன. நடிகை கிரெட்டா கார்போவின் கதை இதற்கு எடுத்துக்காட்டு. 1946-இல், பாஸ்போர்ட்டுக்கு என்று அவர் எடுக்க அனுமதித்த படங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றையும் பீட்டன் 'வோக்'குக்குக் கொடுத்துவிட்டார் என்று கார்போ கடுங்கோபம் கொண்டார். 1972-இல் வெளிவந்த தொகுதியில், தங்கள் அந்தரங்கக் காதலையே பீட்டன் அச்சேற்றினார். மௌனத்தையே வாழ்க்கை விரதமாகக் கொண்ட ஒருவருக்கு அதைவிடக் கொடிய துரோகம் இருக்க முடியாது.

நம் சங்கப் புலவர்களும் வள்ளல்களின் வாயிலில் நின்றவர்களே; பரிசில் நீட்டித்தால் முகத்துக்கு நேரே கடிந்து பாடிவிட்டுத் திரும்பவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புகழ்ச்சியும் கண்டனமும் ஒரே சபையில், ஒரே வாயிலிருந்து, ஒரே வெளிச்சத்தில் வந்தன. பீட்டனோ புகழ்ச்சியைப் படத்துக்கும் கண்டனத்தைப் பூட்டிய நாட்குறிப்புக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். சிநேகம் என்ற பெயரில் ஆதரவு பெறுகிறவனுக்கு வேறு வழி கிடையாது என்பதே என் அபிப்பிராயம்: கூலி வாங்குகிறவன் எஜமானனைத் திட்டலாம்; விருந்தாளியாக இருப்பவனுக்குத் திட்டும் உரிமை இல்லை. படங்கள் ஒரு வர்க்கம் தன்னைப் பற்றிக் கண்ட கனவு. நாட்குறிப்பு அதன் சாட்சியம். இரண்டையும் சேர்த்துப் படிப்பவனுக்கே அந்த வர்க்கம் முழுமையாக விளங்கும்.

கடைசிக் காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1953-இல் முடிசூட்டு விழாப் படங்கள், 'ஜீஜீ', 'மை ஃபேர் லேடி' திரைப்படங்களுக்காக மூன்று ஆஸ்கர் பரிசுகள், 1972-இல் ஸர் பட்டம் என்று கௌரவங்களுக்குக் குறைவிருக்கவில்லை. 1974-இல் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தது. முதுமைக்குப் பணம் வேண்டுமே என்ற கவலை பிறந்தபோது, அரை நூற்றாண்டுக் காலச் செல்வச் சிநேகிதர்கள் எவரும் அதற்கு விடையாகவில்லை. ராஜ குடும்பத்துப் படங்களையும் 'வோக்' வசமிருந்தவற்றையும் நீக்கி, தம்மிடமிருந்த நெகட்டிவ்களையும் பிரதிகளையும் ஸாதபீஸ் ஏலக் கம்பெனிக்கு விற்று, அதிலிருந்து வந்த வருஷ வருமானத்தில் அவர் காலம் கழித்தார். 1980 ஜனவரி 18-ஆம் தேதி, 76 வயது நிரம்பிய சில நாட்களில், பிராட் சாக் கிராமத்துத் தம் சொந்த வீட்டில் காலமானார். பிரபுக்களின் சிநேகம் அவருக்கு வாசலைத் திறந்துவிட்டது உண்மை. கடைசி வரையில் சோறு போட்டது அவருடைய உழைப்பே.

பீட்டன் தீராத ஆசையோடு பின்தொடர்ந்தும் கைக்கு எட்டாத நண்பர் ஒருவர் உண்டு: மார்கரின் வியாபாரத்தில் குவிந்த செல்வத்துக்கு வாரிசான பீட்டர் வாட்சன். தம் படத்தை எவரும் வரைய வேண்டும் என்று கேளாமலே, 'ஹொரைஸன்' என்ற இலக்கியப் பத்திரிகையையும் இளம் ஓவியர்கள் பலரையும் போஷித்த அந்த அபூர்வப் புரவலரைப் பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.