சாட்சியமும் தீர்ப்பும்

பொதுக்கூட்டத்தில் கரகோஷம் பெற்ற பிரசங்கம், மறுநாள் பத்திரிகையில் அச்சேறியதும் உயிரற்றுப் போவதை நேயர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். செவிக்கு இன்பம் தருவது கண்ணுக்கும் இன்பம் தர வேண்டுமென்பதில்லை. ஆகவே, பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடரிலிருந்து உருவான கட்டுரை நூலொன்றை நாம் சிறிது அவநம்பிக்கையுடனேயே திறந்தோம். படித்து முடித்தபோது அந்த அவநம்பிக்கை இருந்த இடம் தெரியவில்லை.

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கிரீன் 2018-ஆம் வருஷம் தொடங்கிய ‘தி ஆந்த்ரோபோசீன் ரிவ்யூட்’ என்னும் ஒலித்தொடர், 2021-இல் அதே பெயருடன் நூலாயிற்று. மனிதனுடைய செய்கைகள் பூமியின் நிலைமையையே மாற்றிவரும் இக்காலத்துக்கு அறிஞர் சிலர் இட்ட பெயரே ஆந்த்ரோபோசீன். இக்காலத்துப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, கடைச்சரக்குக்கு மதிப்பளிப்பது போல, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று ஆசிரியர் தீர்ப்பளிக்கிறார். கனடா வாத்து, ஹாலி வால்நட்சத்திரம், சூரியாஸ்தமனம் யாவும் ஒரே தராசில் ஏறுகின்றன.

இது வெறும் விளையாட்டன்று. கிரீன் முன்பு நூல் விமர்சனப் பத்திரிகையொன்றில் பணியாற்றியவர். அங்கே எழுதிய சிறு மதிப்புரைகளில் ‘நான்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. இந்நூலிலோ தமது மனவேதனைகளையும் அச்சங்களையும் ஒளியாமல் கூறிய பின்னரே மதிப்பிடுகிறார். நியாயஸ்தலத்தில், பிறர் சொல்லக் கேட்டதை ஒப்பிப்பவனைவிடத் தான் கண்டதைச் சொல்பவனுக்கே மதிப்பு. அவனும் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். கிரீன் தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்துகொள்ளும் சாட்சி.

பிரான்ஸ் தேசத்து லாஸ்கோ குகையைப் பற்றிய கட்டுரை ஓர் உதாரணம். 1940-இல் சிறுவர் சிலர் கண்டுபிடித்த அக்குகையின் புராதன ஓவியங்கள், பார்க்க வந்தவர்களின் மூச்சினாலேயே பழுதுபட்டன. 1963-இல் அது பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 1983-இல் அதன் பிரதி ஒன்று திறக்கப்பட்டது. காணவேண்டுமென்ற ஆசையை அடக்கிக்கொள்வதும் பொருளைக் காக்கும் வழியே என்னும் எண்ணம் படிப்பவர் உள்ளத்தில் தானாகவே எழுகிறது.

குறை ஒன்று உண்டு. கட்டுரைதோறும் இறுதியில் வரும் நட்சத்திரக் கணக்கு, வாரக்கணக்கில் இடைவிட்டுக் கேட்பவருக்குச் சுவையாயிருந்திருக்கலாம். தொடர்ந்து படிப்பவருக்கு அலுப்பூட்டுகிறது.

இருப்பினும் அரசியல் ஊழியர்கள் இந்நூலைப் படிக்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். தீர்ப்பை முதலில் முழங்கிவிட்டுச் சாட்சியத்தைப் பிறகு தேடுவது மேடைகளின் வழக்கமாகிவிட்டது. நமது தலையங்கங்களும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. ஒரு வாத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் தம் மனத்தைச் சோதித்துக்கொள்ளும் ஒருவரைக் கண்டபின், மனிதர்களைப் பற்றி நாளை எழுதவேண்டிய நம் பேனா சற்றே தயங்குகிறது. அத்தயக்கம் நல்லது.