யூரியாவும் ஊற்று நீரும்: நைட்ரோசமைன் பற்றி அறிய வேண்டியவை

கொல்லிமலை குண்டூர் நாட்டில் மரவள்ளியும் சாமையும் மிளகும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு நைட்ரோசமைன் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஆய்வுக்கூட எலிகளுக்குப் புற்றுநோயை வரவழைத்து ஆராயப் பயன்படும் இரசாயனக் குடும்பம் இது. ஆனால் இக்குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் மனிதனின் இரைப்பையிலும், வாயில் அடக்கும் புகையிலையிலும் உண்டாகின்றன.

நஞ்சின் தன்மை

இவற்றுள் எளியது டைமெதில் நைட்ரோசமைன். மஞ்சள் நிறத் திரவம்; தண்ணீரில் எளிதில் கலந்துவிடும். முதலில் தாக்குவது ஈரலை. தீவனத்தில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு கலந்து கொடுத்ததில் எலிகளின் ஈரலில் புற்று உண்டானதை 1956-இல் இங்கிலாந்தின் மாகீ, பார்ன்ஸ் என்ற விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். 1960-களின் தொடக்கத்தில் நார்வேயில் மீன்தூள் தின்ற ஆடுகள் ஈரல் கெட்டு இறந்தன. மீன் கெடாமலிருக்கச் சேர்த்த சோடியம் நைட்ரைட், மீனிலிருந்த அமீன்களுடன் கூடி இந்த நஞ்சாக மாறியிருந்தது.

வயலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சிய நைட்ரேட் மழையில் கரைந்து, சரிவில் இறங்கி, ஊற்றையும் கிணற்றையும் சேர்கிறது. அந்த நீரைக் குடிக்கும்போது வாயிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரைட்டாக்குகின்றன. அது இரைப்பையின் அமிலத்தில் அமீன்களுடன் சேர்ந்தால் நைட்ரோசமைன் பிறக்கிறது. வைட்டமின் சி இச்சேர்க்கையைத் தடுக்கிறது. ஆகவே நெல்லி, கொய்யா, எலுமிச்சை, பச்சைக் கீரைகளை விட்டுவிடக் கூடாது.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாடு. நீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்தாகும்.

புகையிலை

ஊற்று நீரைவிடப் பெரிய ஆபத்து மடியில் முடிந்து வைத்திருக்கும் புகையிலை. இலையைப் பதப்படுத்திச் சேமிக்கும் காலத்திலேயே அதில் நைட்ரோசமைன்கள் உண்டாகிவிடுகின்றன. அவற்றுள் இரண்டை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்துள்ளது. பாக்கும் அதே பட்டியலில் உள்ளது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. மண் பரிசோதனை செய்து, சிபாரிசு செய்யும் அளவுக்கு மேல் தழைச்சத்து இடக் கூடாது.
2. கனமழை வரும் நேரத்தில் யூரியாவைத் தூவக் கூடாது. ஈரமுள்ள மண்ணில் செடியைச் சுற்றி இட்டு மண்ணால் மூட வேண்டும்.
3. தொழு உரம் இட்டு, பயறு வகைகளை ஊடுபயிராக்கினால் யூரியாச் செலவு குறையும்.
4. ஊற்றுக்கும் கிணற்றுக்கும் மேற்புறச் சரிவில் எருக்குழியோ மாட்டுக் கொட்டிலோ அமைக்கக் கூடாது.
5. சமைத்த கீரையை அன்றே உண்டு தீர்க்க வேண்டும்.
6. குடிநீரை ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும்.

மேல் வயலில் மிஞ்சும் யூரியா, விவசாயிக்குப் பண நட்டம். கீழ் ஊற்றில் குடம் நிரப்பும் வீட்டுக்கு அது நோய். அளவறிந்து உரமிட்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.