கண்ணாடி தேய்ப்போம், கோள்களைக் காண்போம்

தொலைநோக்கி என்றதும் நம்மிற் பலருக்கு மலையுச்சியும், வட்டக்கூரை மாளிகையும், அரசாங்கம் ஒதுக்கும் பெருந்தொகையுமே நினைவுக்கு வருகின்றன. அது நிபுணர்களின் சொத்து, நமக்குப் பாடநூற் படம் போதும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால், அக்கருவிக்கு உயிராக விளங்கும் குழியாடியை இரண்டு கண்ணாடி வட்டுகளும் கொஞ்சம் சாணைத்தூளும் கொண்டு விடுதித் தாழ்வாரத்திலேயே செய்துவிடலாம். நான் 6 அங்குல ஆடி ஒன்றைத் தேய்த்து முடித்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை வீதம் ஒரு பருவம் பிடித்தது. நுட்பமான கருவி ஏதுமின்றி நுட்பமான பரப்பு எப்படி உண்டாகிறது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

இது புதிதாகத் தோன்றிய பித்து அன்று. 1668-ல் நியூட்டன் தம் ஆடித் தொலைநோக்கியைச் செய்தபோது, உலோகக் கலவையை வார்த்தவரும் மெருகிட்டவரும் அவரே. வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தின் பாத் நகரில் இசையால் பிழைத்தவர். அவர் வீட்டில் செய்த 6 அங்குல ஆடிதான் 1781-ல் யுரேனஸைக் கண்டது. மெருகிடுகையில் கையெடுக்க மனமில்லாத அண்ணனுக்குத் தாமே உணவு ஊட்டியதாகத் தங்கை கரோலின் எழுதியிருக்கிறார். 1920-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில், ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் ஊராரைக் கூட்டி இக்கலையைக் கற்பித்தார். வந்தவர்களிற் பெரும்பாலோர் இயந்திரத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். 1925-ல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகை அவர்களைப் பற்றி எழுதிய பிறகு, இக்கலை நாடெங்கும் பரவிற்று. அதே போர்ட்டர் பின்னர் பாலமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியை வடிவமைப்பதிலும் பங்குகொண்டார்.

இனி வேலைக்கு வருவோம். 6 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள இரண்டு வட்டுகள் வேண்டும். ஒன்றை உறுதியான மேசைமீது, அல்லது தண்ணீர் நிரப்பிய பீப்பாய்மீது அசையாமல் வைக்கிறோம். அதன்மேல் சிலிக்கன் கார்பைடுத் தூளும் சில சொட்டுத் தண்ணீரும் இட்டு, மற்ற வட்டைக் கவிழ்த்து முன்னும் பின்னும் தள்ளுகிறோம். சிலமுறை தள்ளியதும் மேல்வட்டைச் சற்றுத் திருப்பவேண்டும்; நாமும் பீப்பாயைச் சுற்றி ஓரடி நகரவேண்டும். தள்ளுதல், திருப்புதல், நகர்தல் ஆகிய இம்மூன்றுந்தான் மொத்த வித்தை.

மேல்வட்டு விளிம்புக்கு அப்பால் நீளும்போது, பாரம் மேலதன் நடுப்பகுதியிலும் கீழதன் விளிம்பிலும் விழுகிறது. ஆகவே மேல்வட்டு குழிகிறது, கீழ்வட்டு குவிகிறது. அம்மியும் குழவியும் நாளடைவில் ஒன்றுக்கொன்று இசைந்து தேய்வதை வீட்டில் கண்டிருப்பீர்கள். ஆனால் குழவி ஒரே போக்கில் ஓடுகிறது. நம் வட்டோ எல்லாத் திசையிலும் ஓடுகிறது. எப்படித் தள்ளினும் திருப்பினும் இடைவெளியின்றிப் பொருந்தும் இரு வளைபரப்புகள் கோளத்தின் துண்டுகளாகத்தான் இருக்க முடியும். எங்கே மேடு இருக்கிறதோ அங்கே உராய்வு மிகுதி; மேடு தானே தேய்ந்து போகும். நம் கை ஒழுங்கற்று ஓடினாலும் ஒழுங்கு பிறப்பது இதனால்தான்.

48 அங்குலக் குவியத் தொலைவு பெற, நடுவில் வேண்டிய ஆழம் 1.2 மில்லிமீட்டர்தான். அதை 80-ஆம் எண் முரட்டுத் தூள் தோண்டிவிடும். பிறகு 120, 220, 320 என்று நுண்ணிய தூள்களும், கடைசியில் அலுமினியம் ஆக்சைடும். இதன் இயற்கைக் கனிமமாகிய குருந்தக்கல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நம் தமிழ்ச்சொல்லின் வழியே சென்றது என்பது நமக்கு ஒரு மகிழ்ச்சி! தூள் மாற்றும்போதெல்லாம் மேசை, வாளி, கை, சட்டை யாவற்றையும் கழுவவேண்டும். முந்தைய தூளில் ஒரு பருக்கை தங்கினாலும் கண்ணாடியில் கீறல் விழும்.

மெருகிடக் கீல் வேண்டும். அதை உருக்கிக் கீழ்வட்டின்மேல் ஊற்றி, சதுரம் சதுரமாகக் கோடு கீறி, சீரியம் ஆக்சைடு கரைத்த நீரிட்டுத் தேய்க்கிறோம். தட்டினால் உடையும் இக்கீல் மெல்ல மெல்ல வழிந்தும் ஓடும். அதனால் ஆடியின் வளைவுக்கு அணைவாகப் படிந்துகொள்கிறது. இவ்வூர் டிசம்பர்க் குளிரில் அது கல்லாய் இறுகும். மே வெயிலில் குழம்பாகும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை.

சரி, பரப்பு சரியாக வந்ததை எப்படி அறிவது? பிரான்சின் ஃபூக்கோ 1858-ல் வகுத்த சோதனைக்கு ஒரு விளக்கும், ஊசித்துளை போட்ட தகரமும், சவர பிளேடும் போதும். ஆடியிலிருந்து 96 அங்குலத்தில் விளக்கை வைத்து, திரும்பிவரும் ஒளிமுனையைப் பிளேடால் மெல்ல வெட்டினால், கோளப்பரப்பு ஒரே சீராக இருளும். மேடுபள்ளம் இருந்தால் நிலவின் மலைகளைப்போல் நிழலிட்டுத் தெரியும். கோளத்தைப் பரவளையமாக்குவதே கடைசி வேலை. இவ்விரண்டுக்கும் இந்த ஆடியில் உள்ள வேறுபாடு விளிம்பிற்கூட 0.0003 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்! அதையும் பிளேடு காட்டிக்கொடுக்கும்.

ஒருநாள் நான் ஆடியின்மீது பெருவிரலைச் சில விநாடி வைத்துவிட்டுப் பிளேட்டின் அருகே கண்ணை வைத்தேன். விரல் பட்ட இடம் குன்றுபோல் எழுந்து நின்றது. உடற்சூடு கண்ணாடியை அவ்வளவு வீங்கச் செய்திருந்தது. சில நிமிடங்களில் அது அடங்கி மறைந்தது. வெப்பத்தால் பொருள் விரியும் என்று பள்ளியிலிருந்து எத்தனையோ தேர்வுகளில் எழுதியிருக்கிறேன். அதைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

ஆடிக்கு அலுமினியப் பூச்சிடுவதை மட்டும் வெற்றிடக் கலம் உள்ள இடத்தில் செய்துகொள்ளவேண்டும். தாங்கிக்குப் பலகையே போதும் என்று காட்டியவர், சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாயிருந்த ஜான் டாப்சன். முடிந்த கருவியில் சனியின் வளையமும் வியாழனின் பட்டைகளும் தெளிவாகத் தெரியும். ஆனால் சூரியனை மட்டும் இதன்வழி ஒருபோதும் பார்க்கலாகாது, கண் போய்விடும்.

தொலைநோக்கியைக் கடையில் வாங்கினால் இதைவிடச் செலவு குறையவுங்கூடும். ஆகவே சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிறர் செய்த கருவியைத் தொட்டு, பிறர் எடுத்த அளவைப் படியெடுத்து, பட்டம் பெற்றுச் செல்லும் நம் கைகளுக்கு விஞ்ஞானம் எட்டவில்லையே என்பதுதான் என் கவலை. ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர்த் தொலைநோக்கியின் ஆடி, பெங்களூரில் நம் நாட்டவர் தேய்த்து மெருகிட்டது. அளவும் இயந்திரமும் வேறு, நெறி ஒன்றே.

நம் சங்க அறையின் மூலையில் ஒரு பீப்பாய்க்கு இடமிருக்கிறது. இரண்டு வட்டுகளும் என்னிடம் உள்ளன. தள்ளுவதற்குக் கைகள்தாம் வேண்டும். வருவீர்களா?